ராணுவ செலக்‌ஷனுக்கு ஓடுறீங்களா? தினமும் டைம் பார்க்கிறதை முதல்ல நிறுத்துங்க!

அதிகாலை 5 மணிக்கு தருமபுரி மாவட்டத்தில் எந்த ரோட்டில் போனாலும் இவர்களைப் பார்க்கலாம். அரூர் பக்கமோ, பென்னாகரம் பக்கமோ, பாலக்கோடு பக்கமோ, இருட்டில் ஓடிவரும் நாலைந்து பசங்க. ஒருத்தர் கையில் செல்போன், அதில் ஸ்டாப்வாட்ச். ஓடி முடித்து, குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டே எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: ‘எவ்ளோடா?’ 5.50 என்றால் முகம் தொங்கிப்போகும். 5.35 என்றால், நாளைக்கு இன்னும் கொஞ்சம் இழுத்துப் பார்த்துடலாம் என்று நம்பிக்கை வரும்.

அந்தக் குழுவில் யாராவது ஒருவர் திடீரென்று வராமல் போவதும் உண்டு. கேட்டால், ‘கால் வலிக்குதாம்’ என்பார்கள். பெரும்பாலும் அது சோம்பேறித்தனமும் இல்லை, பயமும் இல்லை. எலும்பில் விரிசல் விழ ஆரம்பித்திருக்கலாம்.

தருமபுரி இளைஞர்கள் ராணுவத்துக்கு விண்ணப்பித்தால், கோவை ராணுவ ஆள்சேர்ப்பு அலுவலகத்தின் கீழ் வருவார்கள். அக்னிவீர் தேர்வில் முதலில் ஆன்லைன் எழுத்துத் தேர்வு. அதில் தேறியவர்களுக்குத்தான் ரேலி. ஆண்களுக்கான ரேலியில் 1.6 கி.மீ. தூரத்தை 5 நிமிடம் 30 நொடிக்குள் ஓடினால் முழு மதிப்பெண் 60. பீம் எனப்படும் புல்-அப்ஸ் 10 எடுத்தால் 40. ஒன்பது அடி பள்ளம் தாண்டுவதும், வளைந்து செல்லும் கட்டையில் விழாமல் நடப்பதும் தேறினால் போதும், மார்க் கிடையாது. ஆக, நூற்றுக்கு அறுபது அந்த ஐந்தரை நிமிடத்தில் இருக்கிறது. வயது வரம்போ இருபதுகளின் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். ஒரு சீசனைக் காலில் அடிபட்டுத் தவறவிட்டால், சிலருக்கு அடுத்த சீசனே கிடையாது. அதனால்தான் வலியை மறைத்துக்கொண்டு ஓடுகிறார்கள்.

எலும்புக்கு அவசரம் தெரியாது

புதிதாக ஓட ஆரம்பித்த ஒருவருக்கு இரண்டு மூன்று வாரத்திலேயே மூச்சு வாங்குவது குறைகிறது. தசையும் சீக்கிரம் பழகிக்கொள்கிறது. ‘ஆஹா, செட் ஆயிடுச்சு’ என்று வேகத்தைக் கூட்டுகிறோம். ஆனால் எலும்பு அதே வேகத்தில் தயாராவதில்லை.

ஓடும்போது எலும்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் விழுவது இயல்பு. உடல் அதைச் சரிசெய்யும். எப்படி என்றால், பழுதான பகுதியை முதலில் தோண்டி எடுத்துவிட்டு, பிறகு புதிய எலும்பை நிரப்பும். தோண்டுவதற்கு சுமார் மூன்று வாரம் ஆகிறது. நிரப்பிக் கெட்டிப்படுத்த சுமார் மூன்று மாதம் ஆகிறது. நம்ம ஊர் ரோடு வேலை மாதிரிதான். பழைய தாரைப் பெயர்த்தாச்சு, ஜல்லி இன்னும் வரவில்லை. அந்த நேரம் பார்த்து லாரி லாரியாக விட்டால் என்ன ஆகும்? புதிதாக ஓடுபவர்களின் எலும்பு முதல் சில வாரங்கள் அப்படித்தான் இருக்கிறது. மூச்சு சொல்வதைக் கேட்டு வேகத்தைக் கூட்டுவதும் சரியாக அந்த வாரங்களில்தான்.

இதன் முடிவுதான் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர். கீழே விழாமல், எதிலும் மோதாமல், திரும்பத் திரும்ப ஒரே பாரத்தைத் தாங்கியே எலும்பு விரிசல் விடுவது. 1855-ல் ப்ரைட்ஹாப்ட் என்ற பிரஷ்ய ராணுவ மருத்துவர், நீண்ட தூரம் அணிவகுத்து நடந்த சிப்பாய்களின் பாதம் வீங்கி வலிப்பதைப் பதிவு செய்தார். காரணம் அவருக்குத் தெரியவில்லை. எக்ஸ்-ரே கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, 1897-ல்தான் அது எலும்பு முறிவு என்று தெரிந்தது. ‘மார்ச் ஃப்ராக்சர்’ என்ற பெயர் இன்றைக்கும் மருத்துவப் புத்தகங்களில் இருக்கிறது.

ராணுவங்கள் கற்றுக்கொண்ட பாடம்

‘வலியைத் தாங்குறவன்தான் சோல்ஜர்’ என்று பயிற்சி சென்டர்களில் சொல்வார்கள். உலகின் பெரிய ராணுவங்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தன. பிறகு கணக்கெடுத்துப் பார்த்தன.

1985-ல் வெளியான இஸ்ரேல் ஆய்வு ஒன்றில், காலாட்படையில் புதிதாகச் சேர்ந்த 295 பேரை 14 வாரப் பயிற்சி முழுக்க மருத்துவர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். 31 சதவீதம் பேருக்கு ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர்! அதிலிருந்து 25 ஆண்டுகள் அவர்கள் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். ஷூவை மாற்றினார்கள், உள்ளே வைக்கும் இன்சோலை மாற்றினார்கள், மருந்துகூடக் கொடுத்துப் பார்த்தார்கள். கடைசியில் பெரிய பலன் கொடுத்தது இரண்டு விஷயம்: பயிற்சியில் இருப்பவர்களுக்கு தினமும் குறைந்தது 6 மணி நேரத் தூக்கம், அணிவகுத்து நடக்கும் மொத்த தூரத்தைக் குறைப்பது. இந்த இரண்டும் சேர்ந்து ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் 60 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. இரவு ஒரு மணி வரை ரீல்ஸ் பார்த்துவிட்டு நாலரைக்கு அலாரம் வைத்து எழுகிறவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கலாம்.

அமெரிக்க மரைன் படையில் நடந்தது இன்னும் சுவாரஸ்யம். அடிப்படைப் பயிற்சியில் மொத்தம் 55 மைல் ஓடவைத்த இடத்தில் 33 மைலாகக் குறைத்தார்கள். ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் பாதிக்கும் மேல் குறைந்தது. சரி, ஓட்டம் கெட்டுப்போச்சா? மூன்று மைல் இறுதி ஓட்டத்தில் சராசரி நேரம் கொஞ்சம் கூடியது, அவ்வளவுதான். அதிகமாக ஓடினால் அதே அளவுக்கு வேகம் கூடும் என்பது ஒரு கட்டத்துக்கு மேல் உண்மை இல்லை. காயம் மட்டும்தான் கூடும்.

ஓடுவதற்கு முன் அசையாமல் நின்று காலை இழுத்துப் பிடிக்கும் ஸ்ட்ரெச்சிங்? ஆஸ்திரேலிய ராணுவத்தில் 1,538 பேரிடம் சோதித்து, 2000-ல் முடிவை வெளியிட்டார்கள். அதனால் காயம் குறையவில்லை. சேரும்போதே ஃபிட்டாக இருந்தவர்களுக்குத்தான் காயம் குறைவாக இருந்தது. எனவே ஓடுமுன் மெதுவான ஜாக்கிங், முழங்காலை உயர்த்தி ஓடுவது போன்ற அசைவுள்ள வார்ம்-அப் போதும்.

பாதத்தின் வளைவைப் பார்த்து, ‘உங்களுக்கு இந்த ஷூதான்’ என்று கடையில் விற்பார்களே, அதையும் அமெரிக்க ராணுவம், விமானப்படை, மரைன் மூன்றிலும் ஆயிரக்கணக்கானோரிடம் சோதித்தார்கள். பாத வடிவத்துக்கேற்ப ஷூ கொடுத்ததில் காயம் குறையவில்லை. அளவு சரியாக, காலுக்கு வசதியாக, தேயாமல் இருந்தால் போதும். வெறுங்காலில் ஓடிப் பழகியவர் திடீரென ஷூவுக்கு மாறுவதும், ஷூவில் ஓடியவர் வெறுங்காலுக்கு மாறுவதும்தான் சிக்கல். தார் ரோடா, மண் தரையா என்பதைவிட, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எவ்வளவு வேகமாக மாறுகிறோம் என்பதே முக்கியம்.

அப்போ 5.30 எப்படி வரும்?

400 மீட்டர் டிராக்கில் 1.6 கி.மீ. என்றால் நாலு ரவுண்டு. 5.30-க்குள் முடிக்க ஒரு ரவுண்டுக்கு 82 நொடி வேண்டும். முதல் ரவுண்டை 70 நொடியில் பறந்துவிட்டு, மூன்றாவதில் செத்துப்போவதுதான் ரேலியில் அதிகம் நடக்கும் தவறு. தினமும் முழு தூரத்தையும் முழு வேகத்தில் ஓடிப் பார்ப்பதும் அதே மாதிரி தவறுதான். அது பயிற்சியே இல்லை, தினமும் பரீட்சை எழுதுவது. பரீட்சை எழுதி எழுதி யாரும் பாடம் படிப்பதில்லையே!

வாரத்தில் மூன்று அல்லது நான்கு நாள் ஓட்டம் போதும். ஒரு நாள் 400 மீட்டர் துண்டுகள்: 82 முதல் 85 நொடிக்குள் ஒன்று ஓடி, இரண்டு நிமிடம் நடந்து ஓய்வு, மறுபடி ஒன்று. நான்கில் ஆரம்பித்து, சில வாரங்களில் ஆறுக்குக் கொண்டுவரலாம். இன்னொரு நாள் நாலைந்து கி.மீ. மெதுவாக, பக்கத்தில் ஓடுகிறவரிடம் மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகத்தில். இந்த ‘பேசும் வேகம்’ நம் பசங்களுக்குப் பிடிக்காது, வேஸ்ட் என்று நினைப்பார்கள். ஆனால் மூச்சுத் திறனின் அஸ்திவாரம் அங்கேதான் கட்டப்படுகிறது. மூன்றாவது நாள் 200 மீட்டர் துண்டுகள், அல்லது சிறு மேட்டில் ஏறி ஓடுவது. முழு 1.6 கி.மீ. டைம் பார்ப்பது இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை மட்டும்.

பீமுக்கு வாரம் மூன்று நாள். ஒன்றுகூட ஏற முடியாதவர்கள் ஸ்டூல் போட்டு மேலே ஏறிக்கொண்டு, மெதுவாக ஐந்து நொடி எண்ணி இறங்கலாம். இறங்கும் பலம் வந்தால் ஏறும் பலம் தானாக வரும். அதே நாட்களில் ஸ்குவாட், குதிகாலை உயர்த்தி இறக்குவது, ஸ்கிப்பிங். கெண்டைக்கால் தசை வலுவாக இருந்தால் எலும்பின் மேல் விழும் பாரம் குறையும்.

இதற்கெல்லாம் குறைந்தது நான்கு மாதம் வேண்டும். நோட்டிஃபிகேஷன் வந்த பிறகு ஆரம்பித்தால் எலும்புக்கு நேரம் போதாது. ‘வாரத்துக்கு 10 சதவீதம் மட்டும் கூட்டணும்’ என்று யூடியூபில் சொல்வார்கள். அது ஒரு தோராயக் கணக்கு, மந்திரம் இல்லை. மூன்று வாரம் கூட்டிவிட்டு நான்காவது வாரம் குறைத்து ஓடுவது அதைவிட எளிதாகக் கடைப்பிடிக்கக் கூடியது.

பிளஸ் டூ படிக்கிற தம்பிகளுக்கு இன்னொரு நல்ல செய்தி. இஸ்ரேல் ஆய்வுகளில், ராணுவத்தில் சேருமுன் இரண்டு ஆண்டுகளாவது பந்து விளையாட்டு, குறிப்பாக பாஸ்கெட்பால், ஆடியவர்களுக்கு ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் பாதிக்கும் கீழே இருந்தது. வெறும் ஓட்டம் மட்டும் ஓடியவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. குதிப்பது, சட்டென நின்று திரும்புவது என எலும்புக்கு நாலா பக்கமும் வேலை கொடுப்பதுதான் காரணமாகக் கருதப்படுகிறது. நம்ம ஊர் வாலிபாலிலும் கபடியிலும் அதே அசைவுகள்தான். சாயங்காலம் கிரவுண்டில் ஆடுவதை ‘நேரம் வீணாக்குறான்’ என்று திட்டும் அப்பாக்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

தருமபுரி தண்ணீரும் ராகிக் களியும்

எலும்பு பற்றிப் பேசும்போது இந்த மாவட்டத்தில் தண்ணீரைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. தருமபுரி, கிருஷ்ணகிரி பகுதி நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பது பல ஆண்டுப் பிரச்னை. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். பல்லில் மஞ்சள், பழுப்புக் கறை அதன் வெளி அடையாளம். நீண்ட காலம் அதிக அளவில் உடலுக்குள் போனால் எலும்பில் படியும். ஸ்கேனில் எலும்பு அடர்த்தியாகத் தெரியும், ஆனால் உறுதி குறைந்து எளிதில் உடையும் தன்மை வரும், மூட்டுகள் இறுகும். இதற்காகவே ஜப்பான் நிதியுதவியுடன் 2008-ல் அடிக்கல் நாட்டி, 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் திறக்கப்பட்டது.

காவிரித் தண்ணீர் வரும் வீடுகளில் குடிக்க, சமைக்க அதையே பயன்படுத்துங்கள். போர் தண்ணீர்தான் கதி என்றால், குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்து ஃப்ளோரைடு அளவைத் தெரிந்துகொள்ளலாம். கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது. நீர் ஆவியாகி, மிச்சத்தில் அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். உணவில் கால்சியம் போதுமான அளவு இருந்தால் ஃப்ளோரைடு உறிஞ்சப்படுவது குறைகிறது.

கால்சியத்துக்கு இந்த மாவட்டம் எங்கேயும் போக வேண்டியதில்லை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவை 1,000 மில்லிகிராம் என்கிறது ஐ.சி.எம்.ஆர். வீட்டில் களி கிண்டினால் முகம் சுளித்துவிட்டு, 3,000 ரூபாய் புரோட்டீன் பவுடர் டப்பா வாங்குவது நமக்கே உரிய காமெடி. ராகியில் உள்ள ஃபைட்டேட் கால்சியத்தை முழுதாக உறிஞ்சவிடாது என்பது உண்மைதான். முளைகட்டினாலோ, கூழாக்கிப் புளிக்க வைத்தாலோ அது குறையும். நம்ம பாட்டிகள் செய்த மாதிரியேதான். கூடவே பால், மோர், முட்டை, கீரை. மதியத்துக்கு முன் கொஞ்சம் வெயிலும் வேண்டும், வைட்டமின் டி-க்காக.

அமெரிக்கக் கடற்படையில் பயிற்சிக்கு வந்த 5,201 பெண்களிடம் நடந்த ஆய்வில், கால்சியமும் வைட்டமின் டி-யும் மாத்திரையாகக் கொடுத்த குழுவில் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் 20 சதவீதம் குறைந்தது. பெண்களுக்கு இந்தக் காயம் வரும் வாய்ப்பு ஆண்களைவிட அதிகம். ராணுவ போலீஸுக்கோ, தமிழ்நாடு காவல்துறைத் தேர்வுக்கோ தயாராகும் தங்கைகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பயிற்சி தொடங்கிய பிறகு மாதவிலக்கு தள்ளிப்போனாலோ நின்றுபோனாலோ, அது ‘ஃபிட் ஆகிட்டேன்’ என்பதன் அடையாளம் அல்ல. உடல் செலவழிக்கும் அளவுக்குச் சாப்பாடு போகவில்லை என்பதே அர்த்தம், எலும்பும் சேர்ந்தே பலவீனமாகும்.

ஓசூரிலோ பெங்களூருவிலோ ஷிப்ட் பார்த்துக்கொண்டே செலக்‌ஷனுக்கு ஓடுகிறவர்களுக்கும், ஆபீஸில் மராத்தானுக்குப் பெயர் கொடுத்தவர்களுக்கும் இதே கணக்குதான். நைட் ஷிப்ட் முடித்த காலையில் வேக ஓட்டம் வேண்டாம்.

ஊசி போட்டுக்கிட்டு ஓடலாமா?

ரேலி அன்று வலி நிவாரணி மாத்திரை போட்டுக்கொண்டும், சிலர் ஊசி போட்டுக்கொண்டும் ஓடுகிறார்கள். விரிசல் அப்படியேதான் இருக்கிறது, எச்சரிக்கை மணியை மட்டும் அணைத்துவிடுகிறீர்கள். உடலில் நீர் குறைந்த நேரத்தில் இவ்வகை மாத்திரைகள் சிறுநீரகத்தையும் பாதிக்கும்.

வெயிலும் சாதாரண விஷயம் அல்ல. 2024-ல் ஜார்க்கண்டில் கலால் துறை கான்ஸ்டபிள் தேர்வின் 10 கி.மீ. ஓட்டத்தின்போது பத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் இறந்துபோனார்கள். ஒவ்வொரு மரணத்துக்கும் காரணம் என்ன என்பது விவாதத்துக்குரியது. ஆனால் வெயிலில் ஓடி விழுந்தவர் உளறினாலோ, தள்ளாடினாலோ, கூப்பிட்டால் சரியாகப் பதில் சொல்லாவிட்டாலோ அது ஹீட் ஸ்ட்ரோக் ஆக இருக்கலாம். 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை காத்திருக்காமல் நிழலுக்குக் கொண்டுபோய், குடம் குடமாகக் குளிர்ந்த நீரை உடல் முழுக்க ஊற்றுங்கள். மயக்கத்தில் இருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். உடல் வெயிலுக்குப் பழக 10 முதல் 14 நாள் ஆகும். ஆகவே ரேலி பகலில் என்று தெரிந்தால், கடைசி இரண்டு வாரம் கொஞ்சம் வெளிச்சம் வந்த பிறகு ஓடிப் பழகலாம்.

உள்ளே போன பிறகு

செலக்‌ஷன் ஆனால் முடிந்துவிடாது. பயிற்சி மையத்தில் கனமான பூட்ஸ், தரை அதிர மிதிக்கும் டிரில், தூக்கக் குறைவு எல்லாம் ஒரே வாரத்தில் சேர்ந்து வரும். பி.பி.இ.டி. என்ற தேர்வில் முதுகில் சுமையும் கையில் ரைஃபிளும் வைத்துக்கொண்டு 5 கி.மீ. ஓட வேண்டும். ரேலிக்காக விரிசலோடு ஓடி ஜெயித்தவர் மாட்டிக்கொள்வது அங்கேதான்.

பயிற்சியில் காயமடைந்து வெளியேற்றப்படுபவர்களின் நிலைமை பற்றி 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து ஒரு வழக்கை எடுத்தது. அது தேசிய பாதுகாப்பு அகாடமி போன்ற இடங்களில் அதிகாரிகளாகப் பயிற்சி பெற்றவர்கள் பற்றியது. 1985 முதல் சுமார் 500 பேர் அப்படி மருத்துவக் காரணத்தால் வெளியேறியதாகச் செய்திகள் வந்தன. அக்னிவீரர்களுக்குப் பணியால் ஏற்படும் ஊனத்துக்கு 100, 75, 50 சதவீதம் என்ற அளவுகளில் 44, 25, 15 லட்சம் ரூபாய் கருணைத் தொகை உண்டு. காலில் வந்த ஒரு ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் அந்த அளவுகளை எட்டுவது அரிது. ஆனால் ஒரு இளைஞரின் பயிற்சியை நிறுத்த அது போதும். வலியைச் சொன்னவரை ‘நடிக்கிறான்’ என்று பார்க்காத பயிற்சியாளர் இருந்தால், பாதிக் காயம் முதல் வாரத்திலேயே பிடிபட்டுவிடும். இது ராணுவ முகாமுக்கு மட்டுமல்ல, நம்ம ஊர் கோச்சிங் சென்டர்களுக்கும் பொருந்தும்.

ரேலிக்கு இன்னும் மூணு வாரம்தான், கால் வலிக்குது. என்ன பண்ண?

முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, முன்பக்கம் தடவினால் தட்டுப்படும் எலும்பை விரலால் அழுத்திக்கொண்டே வாருங்கள். உள்பக்க ஓரம் முழுக்க, ஒரு ஜாண் நீளத்துக்குப் பரவலாக வலித்து, ஓட ஆரம்பித்ததும் வலி குறைந்தால் அது பெரும்பாலும் ஷின் ஸ்ப்ளின்ட்ஸ். ஓடும் தூரத்தைப் பாதியாகக் குறைத்து, மீதிக்கு சைக்கிள் மிதியுங்கள், கிணறு இருந்தால் நீந்துங்கள். மூச்சுத் திறன் மூன்று வாரத்தில் பெரிதாக இறங்காது.

ஒரே புள்ளியில், விரல் நுனி அளவு இடத்தில் சுருக்கென்று வலிக்கிறதா? ஓட ஓட வலி கூடுகிறதா? ராத்திரி படுத்தாலும் வலிக்கிறதா? ஒற்றைக் காலில் குதித்தால் உயிர் போகிறதா? அப்படியானால் ஓட்டத்தை நிறுத்துங்கள். எக்ஸ்-ரேயில் ‘ஒண்ணுமில்ல’ என்று வந்தாலும் நம்பிவிடாதீர்கள். முதல் இரண்டு மூன்று வாரம் விரிசல் எக்ஸ்-ரேயில் தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும். கால் எலும்பில் வரும் சாதாரண விரிசல் ஓய்வில் ஆறு முதல் எட்டு வாரத்தில் பெரும்பாலும் சேர்ந்துவிடும். இந்த ரேலி போய்விடும்தான். அதே காலோடு ஓடி முழுதாக உடைந்தால் பல மாதங்கள் போகும்.

தொடை இடுக்கில் வலித்தால் மட்டும் எந்தக் கணக்கும் போடாதீர்கள். இடுப்பு மூட்டை ஒட்டிய தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் விரிசல் விழுந்திருக்கலாம். அது முழுதாக முறிந்தால் அவசர அறுவை சிகிச்சை, சிலருக்கு வாழ்நாள் முழுக்க நொண்டல். அந்த வலியோடு இன்னொரு ரவுண்டுகூட ஓடக் கூடாது. காலை ஊன்றாமல் யாரையாவது பைக்கில் கூட்டிப்போகச் சொல்லி, அன்றைக்கே எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.